செடி மருந்து

அன்று காலையில் மூன்றாவது தடவையாக, 'இதோ வந்துவிட்டேன்' என்ற பலகையை ஜன்னலில் மாட்டிவிட்டு எழுந்தார் ரயில் நிலைய டிக்கெட் குமாஸ்தா. வரிசையில் பதினேழு பேர் நின்றார்கள். பலகையில் இருந்ததே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டிருந்தது.

"இதோவந்துட்டேன் மறுபடி போயிட்டாருப்பா!" என்றார் முன்னால் நின்றவர்.

சிறுநீர் கழித்துவிட்டுக் கழிவறையிலிருந்து திரும்பும்போது நிலைய மேலாளர் வழிமறித்தார்.

"எட்டு புகார் வந்தாச்சு. இன்னும் ஒண்ணு வரட்டும், உங்களைப் பார்சல் கிடங்குக்குத் தூக்கிப் போட்டுடறேன்."

பார்சல் கிடங்கு தண்டவாளங்களுக்கு அந்தப்பக்கம். கழிவறை இந்தப்பக்கம். நடுவே எப்போதும் ஏதாவது ஒரு சரக்கு ரயில், அடுத்த ஊர் வரை நீண்டதுபோல் நிற்கும். நினைத்த மாத்திரத்தில் குமாஸ்தா மறுபடியும் கழிவறைக்குத் திரும்பினார்.

சாயங்காலமே ஹோமியோபதி டாக்டரைப் பார்த்தார்.

"கனவுல தண்ணி வருதா?" என்றார் டாக்டர்.

"அங்கேயும் வருது டாக்டர்."

டாக்டர் ஒரு சின்னக் குப்பியை நீட்டினார். அதில் ஒட்டியிருந்த சீட்டில், 'செடி மருந்து. காலை, மாலை பத்துச் சொட்டு' என்று எழுதியிருந்தது.

"நிஜப் பேரு வாயில நுழையாது. சுத்தமா செடியிலேருந்து எடுத்தது. கால் டம்ளர் தண்ணியில விட்டுக் குடிங்க. காப்பி, வெங்காய வாசனை பட்டா மருந்து கெட்டுடும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, நீர்க்க நீர்க்கத்தான் இதுக்கு வீரியம்."

வீட்டில் வாசனையே இல்லாத இடம் பால்கனி ஒன்றுதான். குப்பியை ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே மாமனார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழ் வீட்டு அம்மாளோடு வழக்கமான சண்டையில் இருந்தார்.

"உங்க தொட்டி ஒழுகி என் போர்வையெல்லாம் நனைஞ்சு போச்சு சார்!"

"செடின்னா நாலு சொட்டு ஒழுகத்தாம்மா செய்யும்!"

முதல் இரண்டு நாள் மருந்தில் லேசான சாராய வாடை இருந்தது. நான்காம் நாள் அதுவும் இல்லை.

"வாடை போச்சுன்னா வீரியம் ஏறுதுன்னு அர்த்தம்," என்றாள் மனைவி.

ஒரு வாரமாகியும் குணம் தெரியவில்லை. மனைவி யோசித்தாள்.

"நீர்க்க நீர்க்கத்தானே வீரியம்? கால் டம்ளர் எந்த மூலைக்கு?"

முழு டம்ளர் ஆயிற்று. பிறகு சொம்பு. பிறகு அலுவலகத்துக்கே ஒரு லிட்டர் பாட்டில். மூன்றாவது வாரத்தில் பலகையை மாட்டுவதும் கழற்றுவதும் வீண்வேலை என்று அப்படியே தொங்கவிட்டார். குப்பி மட்டும் குறையவே இல்லை.

"டாக்டர் கைராசிக்காரர்," என்றாள் மனைவி.

ஒன்பதாவது புகார் வந்தது. எழுதியவர் வரிசையில் நின்ற நேரத்திலேயே நான்கு பக்கம் எழுதி, ஒருமுறை படித்துப் பிழையும் திருத்தியிருந்தார்.

மறுநாள் முதல் பார்சல் கிடங்கு. உத்தரவோடு வீட்டுக்கு வந்த குமாஸ்தா நேராகப் பால்கனிக்குப் போனார். கீழ் வீட்டுக் கொடியில் போர்வைகள் நிம்மதியாகக் காய்ந்துகொண்டிருந்தன. குப்பியை எடுத்துத் தெருவில் வீசக் கையை ஓங்கினார்.

மாமனார் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"வேண்டாம் மாப்ள!"

"விடுங்க மாமா! என் சீட்டே போச்சு. ஏமாத்து மருந்து! மூணு வாரமா ஒரு சொட்டு பிரயோஜனம் உண்டா?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"செடி மருந்துன்னு எழுதியிருந்துதே, ரோஜாவுக்கு வாங்கியிருக்கீங்கன்னு நினைச்சு மூணாம் நாளே மொத்தத்தையும் தொட்டியில ஊத்திட்டேன். அப்புறம் நீங்க குடிக்கறதைப் பார்த்ததும் சொல்ல வெட்கமாப் போச்சு. தினம் குழாய்த் தண்ணியை நிரப்பி வெச்சேன்."

குமாஸ்தா குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"என்னை என்ன வேணா திட்டுங்க, மருந்தைக் குறை சொல்லாதீங்க மாப்ள," என்றார் மாமனார். "அன்னியிலேருந்து அந்தத் தொட்டி ஒரு சொட்டு ஒழுகல!"