ரெண்டு கம்பத்துக்குள் ஒரு வாக்குறுதி

பீளமேட்டுப் பக்கம் நடந்த தேர்தல்களில் ஜெயித்தவர்களை ஜெயிக்க வைத்ததும், தோற்றவர்களைத் தோற்கடித்ததும் ஒரே ஆள்தான். கட்சித் தலைவர் இல்லை, சாதிச் சங்கம் இல்லை, பிரியாணிப் பொட்டலம்கூட இல்லை. மைக் கட்டிய ஆட்டோவில் அறிவிப்புச் செய்துகொண்டு போகும் 'ரெண்டு கம்பம்' என்கிற மனிதர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கும்பாபிஷேகம், காணாமல்போன நாய், காலமான பெரியவர் என்று எதுவானாலும் தெருத்தெருவாகச் சொல்வது அவர் வேலை. அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். ஒரு கரண்ட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு ஆட்டோ போவதற்குள் முழு விஷயமும் முடிந்துவிட வேண்டும்.

"வாசல்ல நிக்கற அம்மணிக்கு ரெண்டு கம்பம் வரைக்குந்தானுங்க காதுல உழுகும். அதுக்கு மேல பேசறது நமக்கு நாமளே பேசிக்கறதுங்க" என்பார்.

இந்த விதி ஆட்டோவோடு நிற்கவில்லை. மகள் கல்யாணத்தில் சம்பந்தி மைக்கைப் பிடித்துக் குடும்பப் பெருமையைக் கால் மணி நேரம் பேசினார். இவர் மைக்கை வாங்கி, "எல்லாரும் வந்துட்டீங்க. சாப்புட்டுப்போட்டுப் போங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கைதட்டல் இவருக்குத்தான். சம்பந்தி இன்னும் சரியாகப் பேசுவதில்லையாம். அதில் இவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

ஒருமுறை தாராபுரத்திலிருந்து வந்து இங்கே வார்டு தேர்தலில் நின்ற ஒரு பெரும்புள்ளி இவரைக் கூப்பிட்டார். பெயருக்கு முன்னால் சொல்ல வேண்டிய பட்டங்களைத் தனிக் காகிதத்தில் கொடுத்தார்கள். ஆலமரமே, அணைக்கட்டே, அமராவதியின் வெள்ளமே என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஒரு பட்டத்தைக்கூட விடக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

"பட்டம் சொல்லி முடிக்கவே பதினோரு கம்பம் ஆயிப்போச்சுங்க" என்று என்னிடம் சொன்னார். "பேரு வர்றப்ப ஆட்டோ பக்கத்து வார்டுக்குள்ள போயிருச்சு. அங்க அவரு நிக்கவே இல்லீங்க."

அந்த வெள்ளம் டெபாசிட்டையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

இவரிடம் நான் மாட்டிய கதைக்கு வருகிறேன். நான் பம்ப்செட் கம்பெனியில் கேட்டலாக் எழுதுகிறவன். மோட்டார் தண்ணீர் இறைக்கும் என்ற ஒரு வரியை ஆறு பக்கத்துக்கு நீட்டி, கடைசியில் அது இறைக்குமா இறைக்காதா என்று படிப்பவருக்கே சந்தேகம் வரும்படி எழுதத் தெரியும். எங்கள் தெருவில் கிரைண்டர் கடை வைத்திருக்கும் துரைசாமி அண்ணன் மூன்றாவது முறையாக வார்டு கவுன்சிலருக்கு சுயேச்சையாக நின்றார். சின்னம் இஸ்திரிப் பெட்டி. முதல் இரண்டு முறையும் அவருக்குப் பிரசார வாசகம் எழுதியது நான்தான். அவர் தோற்றதற்கும் அதற்கும் உள்ள சம்பந்தத்தை அதுவரை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. இந்த முறையும் தோற்றுவிட்டால் இனிக் கடையை விட்டு இறங்கவே கூடாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டார்.

வார்டில் பிரச்சினை ஒன்றே ஒன்று. வார்டு டேங்க்கிலிருந்து குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வரும். எந்தப் பத்தாவது நாள் என்பது குழாய்க்கே தெரியாது.

நான் எழுதினேன்: 'வெளிப்படைத்தன்மையும் மக்கள் பங்கேற்பும் கொண்ட ஒருங்கிணைந்த நீர் மேலாண்மைக் கொள்கையின் முழுமையான செயலாக்கமே எமது இலக்கு.' இது முதல் வரி. இதுபோல நாற்பது வரி.

இந்த முறை அறிவிப்புக்கு அண்ணன் பிடித்திருந்த ரெண்டு கம்பம் அதைப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நான் படிச்சுட்டே முன்னால போறேனுங்க. நீங்க பின்னாலயே நடந்து வந்து, என்ன கேட்டுச்சுன்னு ஊட்டூட்டுக்கு விசாரிங்க சார்" என்றார்.

நடந்தேன். முதல் வீட்டில் சேலைக்குத் தள்ளுபடி எந்தக் கடையில் என்று கேட்டார்கள். இரண்டாவது வீட்டில் நாளைக்குக் கரண்ட் கிடையாதா என்றார்கள். மூன்றாவது வீட்டுப் பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, ரோட்டுக்கு எடம் எடுக்கறாங்களா? எங்க ஊடும் போகுதுங்களா?" என்று கேட்டார். தண்ணீர் என்று நினைத்தவர் ஒருவர்கூட இல்லை.

ரெண்டு கம்பம் திரும்பி வந்து துரைசாமி அண்ணனிடம், "நீங்க என்னதானுங்க செய்வீங்க?" என்று கேட்டார். அண்ணன் பேச ஆரம்பித்தார். இவர் எதிரே இருந்த கம்பத்தைக் காட்டினார். அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். இவர் மறுபடி கம்பத்தைக் காட்டினார். நாலாவது தடவை வேர்த்துப்போன அண்ணன், "தண்ணி வர்ற வரைக்கும் டேங்க்கிட்டப் போயி நிப்பேன், போதுமா" என்றார்.

அதுவே போதும் என்றார் இவர். அன்று மதியத்திலிருந்து தெருவெல்லாம் ஒரே குரல்: "இஸ்திரிப் பொட்டி துரைசாமிங்க. தண்ணி வராத நாளைக்கு டேங்க்கிட்டப் போயி நிப்பாருங்க. வர்ற வரைக்கும் நிப்பாருங்க."

துரைசாமி அண்ணன் ஜெயித்துவிட்டார். கதை இங்கே முடிந்திருந்தால் நான் நாலு பேருக்குப் புத்தி சொல்லி எழுதியிருப்பேன். ஆனால் மூன்றாவது மாதம், பதினோராவது நாளும் தண்ணீர் வரவில்லை. கிரைண்டர் கடை முன்னால் காலிக் குடங்களோடு பெண்கள் வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. "ஏனுங்ணா, நீங்க இன்னும் நிக்கலீங்களா?" என்று மட்டும் மரியாதையாகக் கேட்டார்கள்.

மற்ற வார்டு கவுன்சிலர்கள் நிம்மதியாக இருந்தார்கள். 'நீங்கள் சொன்ன உள்கட்டமைப்பு மேம்பாடு எங்கே' என்று குடத்தோடு வந்து யார் கேட்பது? புரியும்படி பேச அரசியல்வாதிகளுக்குத் தெரியவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நன்றாகவே தெரியும். அப்படிப் பேசினால் டேங்க் அடியில் போய் நிற்க வேண்டிவரும் என்பதும் தெரியும்.

துரைசாமி அண்ணன் பின்பக்கமாக என் வீட்டுக்கு வந்தார். "சார், உங்க பழைய ஸ்டைல்ல ஒரு வெளக்கம் எழுதிக் குடுங்க. கேட்டா ஒருத்தருக்கும் ஒண்ணும் வெளங்கக் கூடாதுங்க."

என் எழுத்தின் அருமை தெரிந்து ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை. உற்சாகத்தில் மூன்று பக்கம் எழுதிவிட்டேன். இருவருமாக அதை எடுத்துக்கொண்டு ரெண்டு கம்பத்திடம் போனோம்.

அவர் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். அண்ணனிடம் திரும்பினார்.

"உங்க மொகத்த யாருங்ணா பாத்தாங்க? எங்கொரலத்தான கேட்டாங்க. நீங்க போயி நிக்கலீன்னா, நாளைக்கு நான் ஒரு சாவு சொன்னாக்கூட நம்ப மாட்டாங்க."

அண்ணன் பதில் சொல்வதற்குள் ஆட்டோ நகர்ந்துவிட்டது. "தண்ணி வர்லீங்க. துரைசாமி டேங்க்குக்குப் போறாருங்க. வர்றவீங்க வரலாமுங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அண்ணனுக்குப் போக வேறு இடமே இல்லை. போனார். குடங்களும் பின்னாலேயே போயின. மறுநாள் மதியம் அதிகாரி வந்தார், வால்வு திறந்தது, தண்ணீரும் வந்தது. இப்போது டேங்க் அடியில் அண்ணனுக்கென்று ஒரு பிளாஸ்டிக் சேர் நிரந்தரமாகக் கிடக்கிறது. கிரைண்டர் வியாபாரத்தில் பாதி அங்கேயே நடக்கிறது.

ரெண்டு கம்பம் முழங்கால் வலியால் காரமடையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தேர்தல் நேரத்தில் பென்டிரைவில் பதிவுசெய்த குரல்கள் ஆட்டோவில் வருகின்றன. நான் கேட்டில் நின்று கேட்கிறேன். எட்டாவது கம்பம் தாண்டியும் யார் நிற்கிறார்கள் என்று தெரிவதில்லை.

போன வாரம் அவருக்கு போன் செய்தேன். கால் எப்படி இருக்கிறது, எந்த டாக்டர், காரமடையில் வெயில் எப்படி, இங்கே எல்லாரும் உங்களைக் கேட்கிறார்கள் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாருக்கேனுங் சார். ஞாயித்துக்கெழம வாங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக நீட்டி முழக்கிக் கூப்பிட்டும் நான் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை காரமடைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று இப்போதே விசாரித்து வைத்திருக்கிறேன்.