விளக்கின் நிறம் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் எங்கள் நலத்தை அறிவதற்கென்றே நீங்கள் ஒரு கேமரா அனுப்பியிருப்பதால், அது வேலை செய்யும்வரை அந்த வரியை நிறுத்தி வைக்கிறேன். உங்கள் நலத்தை அறிய எங்களிடம் கேமரா இல்லை. நலமாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டில் போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். இது உங்கள் காதுக்கு மட்டுமான சங்கதி என்பதால் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். கேமரா இந்த மாதக் கடைசிக்குள் ஓட வேண்டும் என்று உங்கள் மனைவி கெடு வைத்திருக்கிறார். அதைப் பத்து நாள் தள்ளிப்போட நீங்கள்தான் பேச வேண்டும். நான் பேசினால் அவர் என் மகளாகக் கேட்பதில்லை. நீதிபதியாகக் கேட்கிறார்.

பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி நான் விழுந்ததும், மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டதும் நீங்கள் அறிந்ததே. அதற்குப் பின் நடந்த பேச்சுவார்த்தையில், நாங்கள் இந்த வீட்டில் தனியாக இருக்க இரண்டு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஒன்று, ஹாலில் கேமரா. இரண்டு, ஸ்டூல், நாற்காலி, ஏணி எதன் மீதும் நான் ஏறக் கூடாது. எது தவறினாலும் வீட்டைப் பூட்டிவிட்டு உங்களோடு வந்துவிட வேண்டும். உங்கள் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. உங்கள் அத்தையின் கவலையே அதுதான். "அங்க போய் நான் என்னத்தப் பண்றது? காலையில எந்திரிச்சா யாராவது டீயக் கையில குடுப்பாங்க. அதக் குடிச்சிட்டு அடுத்த டீக்கு உக்காந்திருக்கணும்" என்கிறார். எனக்குத் தனிக் கருத்து இல்லை. என் மேசையும் ஜன்னலும் இங்கே இருக்கின்றன, அவ்வளவுதான்.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பெட்டி வந்து சேர்ந்தது. ஹாலில் கடிகாரத்துக்கு மேலே வைத்தால் வாசல் முதல் சமையலறைக் கதவு வரை தெரியும் என்று நீங்கள் சொன்னபடி எலக்ட்ரீஷியனை அழைத்தோம். அவர் சுவரில் துளை போட்டு, தாங்கியை முடுக்கி, பக்கத்திலேயே ஒரு பிளக் பாயின்ட்டும் இழுத்துக் கொடுத்தார். கேமராவை மட்டும் தொட மறுத்துவிட்டார். "இதெல்லாம் நம்ம கை படாம இருக்கிறதே நல்லது சார். நாளைக்கு ஓடலைன்னா, தொட்டவன் யாருன்னுதான் மொதல்ல கேப்பீங்க" என்றார். என்னைப்போல் பத்திரிகைத் தொழிலில் இருந்திருக்க வேண்டிய ஆள். அதற்குள் அவருக்கு வேறு வேலைக்கு அழைப்பு வர, ஏணியை நாளை எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுப் போனவர் இன்னும் வரவில்லை. ஏணி சுவரோரம் நிற்கிறது. அலுமினிய மடக்கு ஏணி. மூன்றாவது படியில் ஒரு திருகு இல்லை. இது தள்ளி நின்று பார்த்தாலே தெரிகிறது. ஏணியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

பின்னர் கேமரா மேலே பொருத்தப்பட்டு, பிளக்கும் சொருகப்பட்டது.

பிளக்கில் சொருகினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நீங்கள் போனில் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் ஒருவர் மட்டும் சொன்னதை வைத்து நான் ஒரு காலத்திலும் செய்தி எழுதியதில்லை. இரண்டாவது தரப்பு என்று பெட்டியில் இருந்தது ஒரு கையேடு. அது சொல்வது இது: முன்பக்கம் உள்ள சிறு விளக்கு பச்சையாக எரிந்தால் கேமரா வீட்டு வைஃபையைத் தேடிக்கொண்டிருக்கிறது, நீலமாக எரிந்தால் கிடைத்துவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். பச்சை. உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "நீலம்" என்றார். எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது, அவருக்கு இன்னும் ஆகவில்லை என்பதை மட்டும் சுட்டிக்காட்டினேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், "கலரு பாத்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளமே குடுத்தாங்க" என்று அவர் ஒரு வரியில் முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டில் கருத்து வேறுபாடு இருக்கும்போது வெளியில் விசாரிப்பதே முறை என்று உங்கள் மனைவியைப் போனில் அழைத்து, மாப்பிள்ளையின் போனில் படம் வருகிறதா என்று கேட்டேன். "அவருகிட்ட தெனமும் கேக்குறேம்பா, இன்னும் வரலைன்னுதான் சொல்றாரு" என்றார். என் கண்ணும் உங்கள் வாக்குமூலமும் ஒத்துப்போயின. இரண்டு தரப்பு. அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இல்லாததால் கையேட்டில் உள்ள பரிகாரங்களை ஒவ்வொன்றாகத் தொடங்கினேன். என் போனில் அதற்கான செயலியை இறக்கி, கேமராவைச் சேர்க்கச் சொன்னால், ஒரு வட்டம் வெகுநேரம் சுற்றிவிட்டு "சேர்க்க இயலவில்லை" என்று நிற்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. நம் வைஃபைக்கு இரண்டு பெயர்கள் உண்டாம், அதில் ஐந்து என்று முடிவதைக் கேமராவுக்குப் பிடிக்காதாம். போனை மற்றதற்கு மாற்றினேன், அப்போதும் வட்டம் சுற்றியது. ரவுட்டர் தூரத்தில் இருக்கலாம் என்று படுக்கையறையிலிருந்து அதைப் பெயர்த்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம், இப்போது நாங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறோம், ஒரு விருந்தாளி வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. கேமராவை அணைத்து மறுபடி போட்டால் சரியாகலாம் என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது. ஆகவே பிளக் பிடுங்கப்பட்டது, சொருகப்பட்டது, கேமரா கீழே இறக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, மீண்டும் ஏற்றப்பட்டது. "மெதுவா எறங்குங்க, புடிச்சுப் புடிச்சு எனக்குக் கையே மரத்துப்போச்சு" என்று உங்கள் அத்தை சொன்னது வேறொரு சந்தர்ப்பத்தில். தவறுதலாக இங்கே வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு முறையும் பச்சை.

கடைசியில் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தோம். ஒரு பெண் பேசினாள். மிகவும் பொறுமைசாலி, குறை சொல்ல மாட்டேன்.

"சார், லைட் என்ன கலர் சார்?"

"பச்சை."

"நீலம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், பச்சையா நீலமா சார்?"

"நான் பச்சை என்கிறேன். வீட்டில் மாற்றுக் கருத்து இருக்கிறது."

"மாற்றுக் கருத்துன்னு இங்க ஆப்ஷன் இல்ல சார். ரெண்டுல ஒண்ணுதான் நான் போட முடியும்."

நடுநிலையான ஒருவர் தேவைப்பட்டார். கீழ் வீட்டுத் தையல்கார அம்மாவை உங்கள் அத்தை மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். அவர் சும்மா வரவில்லை, மடி நிறைய நூல்கண்டுகளோடு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கேமராவுக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அந்தப் பெண் போனில் காத்திருந்தாள்.

"அண்ணே, இது ரெண்டுமே இல்ல" என்றார் தையல்கார அம்மா. "இது மயில்கழுத்து. இந்தக் கலர்ல யாராச்சும் துணி கொண்டாந்தா நான் வாங்கவே மாட்டேன், நூலு சேராது."

இதை அப்படியே போனில் சொன்னேன். அந்தப் பெண் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சார், நான் பச்சைன்னே போட்டுக்கிறேன் சார்" என்றாள். பச்சைக்கு உரிய ஆலோசனை, அணைத்துவிட்டு மறுபடி போடுவது. போடப்பட்டது. "அவங்க பச்சைன்னு போட்டுட்டா அது பச்சையாயிருமா?" என்று உங்கள் அத்தை கேட்டார். பதிவாகிவிட்ட ஒன்றைத் திருத்துவது எவ்வளவு சிரமம் என்பது பத்திரிகையில் இருந்தவனுக்குத் தெரியும்.

நிலவரம் இதுதான். கேமரா சுவரில் இருக்கிறது, ஓடவில்லை. அதைக் கடைக்குத் திருப்பி அனுப்பி வேறு வாங்கப் பத்து நாள் பிடிக்கும். கெடு அதற்குள் முடிந்துவிடும். குறை கேமராவில் இருக்கிறதே தவிர எங்களிடம் இல்லை என்பதை உங்கள் மனைவியிடம் அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது எடுத்துச் சொல்லவும். இரண்டாவது நிபந்தனையைப் பற்றிக் கேட்டால், மாமாவின் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லலாம். அது உண்மை. வேண்டுமானால் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நான் ஏணியில் ஏறியதாக ஒரு வரிகூட இருக்காது.

வேறு விசேஷம் இல்லை. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடுங்கள், வேளைக்குத் தூங்குங்கள், போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். உங்கள் அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்கும்
உங்கள் அன்பு மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், கேமராவைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிடலாம் என்று தோன்றியது. அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும், என்றாலும் எங்கள் தரப்பு பதிவாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் இரண்டாவது படியில் நின்று மூன்றாவதில் கால் நுனியை வைத்தபோது கேமரா பேசியது.

"மாமா, அந்த மூணாவது படி ஆடுது. அதுல வெயிட்டப் போடாதீங்க, எறங்கிடுங்க."

அது பேசும் என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்ததைப் பின்னர் பார்த்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் அத்தை பதறவில்லை. நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதுபோல நிமிர்ந்து, "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?" என்றார். நீங்களும் "ஆச்சு அத்தை" என்றீர்கள். நான் இறங்கினேன்.

எங்கள் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் நீங்களே போட்டு, உங்கள் பெயரில் பதிவும் செய்துதான் அனுப்பினீர்கள் என்பதும், அதனால்தான் என் போனில் அது சேரவில்லை என்பதும், முதல் முறை சொருகியதிலிருந்தே உங்களுக்குப் படம் வருகிறது என்பதும் அதன்பின் தெரியவந்தன. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு நீங்கள் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: "வந்த மொதப் படமே ஏணி மேல உங்க முகம்தான் மாமா. படம் வருதுன்னு சொன்னா, நான் அதப் பாத்தேன்னு ஆயிடும். பாத்தா அவகிட்ட சொல்லணும். சொன்னா நீங்க பொட்டிய கட்டணும். சரி, எப்படியும் எலக்ட்ரீஷியன் ஏணியக் கொண்டு போயிடுவாரு, அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இன்னைக்கு அந்தப் படி ஆடின ஆட்டத்தப் பாத்து வாய் விட்டுட்டேன்." உங்கள் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அதற்குள் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நமக்குள் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஏணி வாசலுக்குப் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் வராவிட்டாலும் அது உள்ளே வராது. இதற்கு உங்கள் அத்தை பொறுப்பு. கேமரா இன்றுதான் ஓடத் தொடங்கியது என்று உங்கள் மனைவியிடம் நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். இது ஒருவர் மட்டும் சொல்லும் செய்திதான், ஆனால் இந்த முறை நான் இரண்டாவது தரப்பைத் தேடப்போவதில்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கெடுவும் தள்ளிப்போக வேண்டாம். கடிதத்தை அனுப்பாமலே விட்டிருக்கலாம். ஆனால் ஹாலில் இந்த மேசையில் உட்கார்ந்து நான் பக்கம் பக்கமாக எழுதியதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், என்ன எழுதினேன் என்று கேட்பீர்கள்.

விளக்கு நீலம்தான் என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள். உங்கள் அத்தைக்கு நாள் முழுவதும் அதே பேச்சு. இந்த வரியை எழுதுமுன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு இப்போதும் பச்சையாகத்தான் தெரிகிறது.