இறங்கிக்கொண்டே இருந்த சீட்

அம்பிகாவின் முழங்கால் மறுபடியும் ஹேண்டிலில் இடித்தது.

நேற்று இடிக்கவில்லை. நேற்று மாலை ஷஃபியுல்லா பாய் தன் சைக்கிள் கடை வாசலிலேயே அவளை ஏறி உட்காரச் சொல்லி, பெடலில் கால் நன்றாக நீள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். இன்று அதே சீட்டில் உட்கார்ந்தால், குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியில் ஏறியது போல முழங்கால்கள் மேலே வந்து நிற்கின்றன. ஹேண்டில் வேறு லேசாக இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுச் சந்தில் யாரும் இல்லை. அவள் இறங்கி நின்று சீட்டைப் பார்த்தாள். பிறகு தன் கால்களைப் பார்த்தாள். நாற்பத்தேழு வயதில் ஒரே ராத்திரியில் யாராவது வளர்வார்களா?

வரும் திங்கட்கிழமை அவள் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். பெரம்பலூர் டவுனுக்குள்ளேயே இத்தனை காலம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவளைச் செட்டிகுளம் போகும் பக்கம் ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். அந்த ஊருக்கு மினி பஸ் ஒன்பதரைக்குத்தான் போகும். அடுப்பு எட்டரைக்கே எரிய வேண்டும். ஷேர் ஆட்டோ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

வீட்டில் வண்டி கிடையாது. அவள் கணவர் ராசாங்கம் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கோர்ட்டுக்கு நடந்தே போய் நடந்தே வருவார். வண்டி வாங்கும் பேச்சு வந்தால், "ரோட்டை நம்ப முடியாது அம்பிகா" என்று பேப்பரில் விபத்துச் செய்தியைத் தேடுவார். மாற்றல் உத்தரவைப் படித்துவிட்டு அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"கழுத்து வலியோட எதுக்கு அல்லாடுற? பேசாம வேலையை விட்டுடேன்."

அன்போடுதான் சொன்னார். ஆனால் அந்த 'விட்டுடேன்' அவளுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. சாம்பார் கொதிக்கும்போதும், தலை பின்னும்போதும் கேட்டது. வேலையை விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது? யார் அவளைப் பார்த்து, "டீச்சர், இன்னிக்கு முட்டை உண்டா?" என்று கேட்பார்கள்? அவள் டீச்சர் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதை இழக்க அவளால் முடியாது.

அப்போதுதான் மகள் பானுப்ரியாவின் சைக்கிள் நினைவுக்கு வந்தது. பானு கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். கியரும் கேரியரும் வைத்த அவள் சைக்கிள் சந்தில் சாய்ந்து கிடந்தது. பள்ளிக்கூட நாட்களில் அம்பிகா நன்றாகச் சைக்கிள் விட்டவள்தான். ஆனால் இது வேறு மாதிரி. ஹேண்டில் ஒரே நேர்க்கம்பியாகத் தாழ இருந்தது. ஓட்டுகிறவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலக் குனிய வேண்டும். டாக்டரோ குனியவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

ஆகவே சைக்கிளை நிமிர்த்த முடிவு செய்தாள். ராசாங்கத்துக்குத் தெரியாமல். தட்டுத் தடுமாறி நிற்பதை அவர் பார்த்தால் மறுபடியும் அந்த வாக்கியத்தைச் சொல்வார். இந்த முறை அவளே சம்மதித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. திங்கட்கிழமை காலை, முதுகை நேராக வைத்துக்கொண்டு, அவர் கண் முன்னாலேயே தெருமுனை திரும்ப வேண்டும். அதன் பிறகு அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

"பானு அடுத்த தடவை வந்தா ஓட்டுவாளாம். சைக்கிளைச் சரி பண்ணி வைக்கச் சொன்னா" என்று அவரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தாள்.

"நல்லது" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஷஃபியுல்லா பாய் முதலில் நேர்க்கம்பியைக் கழற்றிவிட்டு, பழைய லேடீஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டிலைப் போட்டார். பிரேக் ஒயர் எட்டவில்லை. நீள ஒயர் போட்டார். திரும்பும்போது ஹேண்டில் முழங்காலில் இடித்தது. ஹேண்டில் தண்டின் மேல் ஒரு துண்டுக் குழாய் வைத்து உயர்த்தினார். இப்போது உடம்பு நிமிர்ந்தது. பாரம் முழுக்கச் சீட்டில் இறங்கியது. அந்தச் சீட்டோ அரிவாள்மணை மாதிரி இருந்தது. ஸ்பிரிங் வைத்த அகலச் சீட்டு வந்தது. அதில் உட்கார்ந்தால் பெடல் எட்டவில்லை.

"நிமிந்து உக்காரணும்னா சும்மாவாக்கா? ஒண்ணைத் தூக்கினா எல்லாத்தையும் தூக்கணும்" என்றார் பாய்.

நிமிர்ந்து உட்கார்வதற்கு இவ்வளவு சாமான் வேண்டியிருக்கும் என்று அம்பிகாவுக்குத் தெரியாது. கடைசியில் ஒருவழியாக எல்லாம் பொருந்தியது. அது நேற்று. இன்று சீட்டு மறுபடியும் கீழே கிடக்கிறது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனாள்.

பாய் குனிந்து பார்த்தார். "சீட்டைப் பிடிக்கிற இந்தக் கிளிப்பு சரியில்லக்கா. வெயிட்டுக்கு இறங்குது."

"என் வெயிட்டுக்கா?"

"பொதுவா சொன்னேங்க்கா."

"பொதுவான்னா? நேத்து இதுல நான் மட்டும்தானே உக்காந்தேன்?"

பாய் கிளிப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பேனரால் மட்டுமே திருப்ப முடிகிற கனமான போல்ட்டைப் போட்டு முடுக்கினார். "யானை உக்காந்தாக்கூட இறங்காது" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்று இரவு அம்பிகா ஒரே ஒரு இட்லியோடு எழுந்துவிட்டாள்.

"ஏன், கழுத்து வலிக்குதா?" என்றார் ராசாங்கம்.

"இல்லைங்க."

"அந்த வேலை விஷயமா யோசிக்கிறியா?"

"இல்லவே இல்லைங்க."

அவர் தன் தட்டைக் கழுவி வைத்தார். பிறகு வழக்கம்போல, காலையில் வாக்கிங் போக வேண்டும் என்று சீக்கிரமே படுத்துவிட்டார். டாக்டர் சர்க்கரை என்று சொன்னாரோ என்னவோ, கொஞ்ச நாளாக இருட்டோடு எழுந்து போய்விடுகிறார். குளிருக்குக் குரங்குக் குல்லாய் வேறு. கேட்டால், "உடம்பைப் பாத்துக்கணும்ல" என்பார்.

மறுநாள் மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் சந்துக்கு ஓடினாள்.

சீட்டு அடியோடு இறங்கியிருந்தது. ஹேண்டில் நேற்றைவிட அதிகமாக இடது பக்கம் திரும்பியிருந்தது. மணியின் மூடி நசுங்கியிருந்தது.

அம்பிகா சுவரில் சாய்ந்துகொண்டாள். யானைக்கும் இறங்காத போல்ட் அவளுக்கு இறங்குகிறது. அது போகட்டும், இந்த இடது பக்கம் எதற்கு? நேற்று ஓட்டிப் பார்த்தபோது அவள் அறியாமலே இடது பக்கம் சாய்ந்திருக்கிறாளா? ஒரு பக்கம் இழுப்பது எதற்கு அறிகுறி என்று ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டிருப்பார்கள். உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தாள். வாய் நேராகத்தான் போயிற்று. ஒருவேளை பயத்தில் அப்படித் தெரிகிறதோ? இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, எது முதலில் இறங்குகிறது என்று பார்த்தபடி நின்றாள்.

"யாரைக் கும்புடுற?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ராசாங்கம் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார்.

"சும்மா… கழுத்துக்கு எக்சர்சைஸ்."

"சிரிச்சுக்கிட்டேவா?"

"டாக்டர் அப்படித்தான் செய்யச் சொன்னாருங்க."

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானமே போனாள்; பாய் கடை பூட்டியிருந்தது. ஜும்மா முடிந்து அவர் வரும் வரை நின்று, சீட்டை மறுபடியும் ஏற்றிக்கொண்டு வந்தாள். இந்த முறை பாயே குழம்பிப் போயிருந்தார். "அக்கா, இது தானா இறங்குற இறக்கம் இல்ல. யாரோ ஸ்பேனர் போட்டுத் திருப்பியிருக்காங்க, பாருங்க. போல்ட்டு முனையெல்லாம் தேஞ்சிருக்கு."

யாரோ.

அந்த யாரோவைச் சனிக்கிழமை துணி துவைக்கும்போது கண்டுபிடித்தாள். ராசாங்கத்தின் பேன்ட்டில், வலது கால் பக்கம் அடியில், கறுப்பாகச் செயின் கிரீஸ். அவருடைய கோர்ட்டுப் பையைத் திறந்தாள். அடியில், பழைய பேப்பரில் சுற்றி, ஒரு ஸ்பேனர்.

பேப்பரில் சுற்றியது சுற்றியபடியே திரும்ப வைத்தாள்.

அப்படியானால் அவள் வளரவில்லை. கனம் கூடவில்லை. வாய் கோணவில்லை. இவையெல்லாம் ஆறுதலாக இருக்க வேண்டியவை. ஆனால் ஆறுதலாக இல்லை. அவள் சைக்கிளில் வேலைக்குப் போகப் போவதை அவர் கண்டுபிடித்துவிட்டார். வேலையை விடு என்று இரண்டாம் தரம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் ஸ்பேனரால் சொல்கிறார். கூடவே வாழ்கிற மனிதருக்குள் இப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருந்திருக்கிறானா? தன்னை நினைத்தும் வெட்கமாக இருந்தது. நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அதுதான் பயம்.

சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். "என்னங்க, பேன்ட்ல என்ன கறை?"

"பஸ்ல பட்டிருக்கும்."

"நீங்க கோர்ட்டுக்கு நடந்துதானே போறீங்க?"

ராசாங்கம் பேப்பரைப் புரட்டினார். "பஸ்ஸு என் பக்கத்துல உரசிக்கிட்டுப் போச்சு" என்றார். பிறகு பேச்சை மாற்றுவது போல, "திங்கக்கிழமை எப்படிப் போறதா உத்தேசம்?" என்று கேட்டார்.

"நடந்து."

"ஆறு கிலோமீட்டரா?"

"ஆமா. ஆறு கிலோமீட்டர்தான்."

"பார்ப்போம்" என்றார் அவர்.

அந்தப் 'பார்ப்போம்' அம்பிகாவைத் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பிப் போனதும் சந்துக்குப் போனாள். சீட்டு எதிர்பார்த்தபடியே இறங்கியிருந்தது. அவளுக்குள் முதல் முறையாகப் பயம் போய்க் கோபம் வந்தது. கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு நடந்த வேகத்தில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"பாய், வெல்டு வச்சிடுங்க."

"எதுக்குக்கா வெல்டு?"

"சீட்டுக்கு. இனிமே யார் வந்தாலும் இறக்க முடியக் கூடாது."

பாய் பக்கத்திலிருந்த கிரில் பட்டறைக்குக் குரல் கொடுத்தார். பட்டறைக்காரர் பிரசாத் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒட்டிட்டா அவ்வளவுதாங்க. ஆயுசுக்கும் இதான் உசரம். யோசிச்சுக்கங்க."

"யோசிச்சாச்சு."

"ஹேண்டிலு கூட ஒரு பக்கமா திரும்பியிருக்கே, அதையும் ஒட்டிடவா?"

"ஏன்டா," என்றார் பாய், "அக்கா அப்புறம் திருச்சி வரைக்கும் நேராப் போய்க்கிட்டே இருக்கவா?"

அம்பிகா சிரிக்கவில்லை. பாய் சீட்டை அவள் உயரத்துக்கு ஏற்றிப் பிடிக்க, தீப்பொறி பறந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து தான் செய்த காரியங்களில், திருப்ப முடியாதது இதுதான் என்று தோன்றியது. குழாய் ஆறும் வரை நின்றுவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

சீட்டு அசையவில்லை.

மிதித்தாள். முதுகு நேராக இருந்தது. கழுத்து வலிக்கவில்லை. கடைகளின் பெயர்ப்பலகைகளும், மாடியில் காயும் துணிகளும், எதிரே வருகிறவர்களின் முகங்களும் நேர் பார்வையில் வந்து போயின. இத்தனை காலமும் தரையைப் பார்த்துக்கொண்டே இந்த ஊரில் நடந்திருக்கிறோம் என்று நினைத்தாள். நாளைக்குக் காலை அவர் வாசலில் நிற்பார். நிற்கட்டும். ஒரு வார்த்தை பேசாமல் மணியை மட்டும் அடித்துவிட்டுப் போக வேண்டும். மணி நசுங்கியிருந்தது. பரவாயில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் ஓட்ட ஆசையாக இருந்தது. வழக்கமான தெருவை விட்டு, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் காலி மனைகள் கிடக்கும் பாதையில் திரும்பினாள். முனையில் ஆப்பக் கடை போட்டிருந்த ஒரு பெண் கரண்டியோடு எழுந்து கையை ஆட்டினாள்.

"யம்மா! நில்லுங்க, நில்லுங்க! இந்தச் சைக்கிளு அந்த அண்ணனோடதுல்ல? வித்துட்டாரா?"

அம்பிகா காலை ஊன்றி நின்றாள். "எந்த அண்ணன்?"

"பேரு தெரியாதும்மா. குரங்குக் குல்லாய் போட்டுக்கிட்டு, விடிஞ்சும் விடியாம இந்த மனையில வந்து நிப்பாரு. நேத்துகூட அந்த முள்ளுக்குள்ள விழுந்து, நான்தான் தண்ணி ஊத்திக் கழுவிவிட்டேன்."

"விழுந்தாரா?"

"தெனம் விழுவாரு, எல்லாம் இடது பக்கமாத்தான். இந்த ஜைனம்பு எத்தினி பேரைப் பாத்திருக்கேன், இப்படி வைராக்கியமா விழுற மனுசனைப் பாத்ததில்ல." அவள் அருகே வந்து சீட்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. சூடு இன்னும் முழுதாக ஆறாத வெல்டிங்கைத் தொட்டுவிட்டு விரலை உதறினாள்.

"அல்லாவே, இம்மாம் உசரத்துல வச்சு ஒட்டிப்புட்டீங்களேம்மா! கால் தரையில ஊனினாத்தான் பயம் இல்லாம ஏறுவாரு. பொஞ்சாதிக்குத் தூரத்துல வேலையாம், கழுத்து வலியாம், நாளைக்கு அந்தம்மாவைப் பின்னாடி உக்கார வச்சுக் கொண்டுபோய் விடணும்னுதானே அந்த மனுசன் இந்த வயசுல சைக்கிள் கத்துக்கிறாரு!"