தாபோலே பெயிண்டர் போட்ட குடைப் படம்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷமாக மாரியம்மன் சந்நிதியில் நின்று யோசித்திருக்கிறேன். தகப்பனாருக்குப் போட்ட படையலைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதினால் பாவம் சேருமோ என்ற பயம். இந்த ஆடியில், யோசித்தது போதும் என்று அம்மனே சொன்ன மாதிரி இருந்தது. எழுதிவிட்டேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், மலாக்கா முழுக்கச் சலித்தாலும் காஜா பேராங் கம்பத்துத் தாபோலே பெயிண்டரைப் போல ஒரு பிடிவாதக்காரர் கிடைத்திருக்க மாட்டார். கடைகளுக்குப் படப் பலகை போடுகிறவர். மலாக்கா செட்டி வம்சம். வீட்டில் மலாய்தான், எங்களோடு தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். யார் என்ன கேட்டாலும் முதல் பதில் "தா போலே!" முடியாது என்பதற்கு மலாய். அவருடைய சொந்தப் பெயர் அவர் பெண்சாதிக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ.

முடிவெட்டும் கடைக்காரர் அழகான ஆண்பிள்ளை முகம் கேட்டார். பலகையில் பார்த்தால், துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் ஒரு முற்றின தேங்காய்! கத்தரிக்கோலும் சீப்பும் ஆளில்லாமல் அந்தரத்தில் நின்று அதன் குடுமியை முறைத்துக்கொண்டிருந்தன.

"என் கடைக்கு வர்றவனெல்லாம் தேங்காயாய்யா?"

"முகம் தா போலே. தேங்காதான் வரும்."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டதால் பலகை தப்பித்தது.

நானா என்று எல்லோரும் கூப்பிடும் மளிகைக்கடை பாய் அரிசி மூட்டை கேட்டார். மூட்டை வாயிலிருந்து அரிசியெல்லாம் சிறகு முளைத்துப் பறந்தது.

"பறந்துட்டா நான் எதைய்யா விக்கிறது?"

"எவ்ளோ நாள், நானா, மூட்டைலயே கிடக்கும்? பாவம்லா."

எங்கள் அப்பாவின் முதல் வருஷப் படையல் வந்தது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று காமிராவைக் கண்டால் ஓடினவர் அப்பா. வீட்டில் அவருடைய படமே கிடையாது. அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆள் தெரியாம யாருக்குடா இலை போடறது, சுவத்துக்கா? படம் வரட்டும். இல்லாட்டி அடுப்பைப் பத்த வைக்க மாட்டேன்."

அப்பா போனதிலிருந்து அம்மா வாய்விட்டு அழக்கூட இல்லை. அந்தப் பிடிவாதத்தில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெயிண்டரிடம் ஓடினேன். "அண்ணே, அப்பா முகம்..."

"தா போலே!" வெகுநேரம் தூரிகையைக் கழுவினார். "முகம் மறந்துபோச்சு தம்பி. பொய் முகம் போட்டா அவரு எப்படி வந்து சாப்பிடும்? அவரு சாமான் ஞாபகம் இருக்கு. அதுதான் போடும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

படையலன்று காலையில் துணி மூடிக் கொண்டுவந்தார். திறந்தோம். வீட்டுக்குள்ளேயே மழை கொட்டுகிறது. நடுவில் நாற்காலி. அதில் மடக்கின கறுப்புக் குடை ஒன்று முதலாளி மாதிரிச் சாய்ந்திருக்கிறது. அதற்கு மேலே, ஆளில்லாத வெள்ளைச் சட்டை ஒன்று கை இரண்டையும் விரித்து மழையைத் தாங்குகிறது.

பெரியப்பா கத்தினார். "என் தம்பி எங்கடா? குடைக்கா திவசம் குடுக்கப் போறோம்? மாத்துய்யா!"

"தா போலே!"

அம்மா படத்துக்குக் கிட்டே போனார். அம்மா குபீரென்று சிரித்தார்.

"பண்டார் ஹிலிர்லேருந்து மழைல வருவாரு. புதுக்குடை நனைஞ்சிடும்னு சட்டையைக் கழட்டி அதுக்குப் போத்திட்டு, வெறும் உடம்போட வருவாரு. நான் திட்டாத மழை இல்லை..."

சிரிப்பு அழுகையானது. ஒரு வருஷத்து அழுகை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அடுப்பைப் பத்த வைங்கடா. மனுஷன் நனைஞ்சு வந்து நிக்கிறாரு."

படைத்துவிட்டு, அப்பா சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி வெளியே நின்றோம். பெயிண்டரும் கை கட்டி எங்களோடு நின்றார்.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கும் படம் கிடையாது. அம்மா இருந்தவரை எங்கள் படையலில் ஒரு இலை கூடுதலாக விழும். இப்போது என் மனைவி போடுகிறாள். யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை.

குடை விரிந்திருந்தது என்று இப்போதே சிலர் மாற்றிச் சொல்கிறார்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: நாலு பேருக்குச் சொல்லுங்கள், இருந்தது இருந்தபடி சொல்லுங்கள். அந்தக் குடையை மட்டும் விரித்துவிடாதீர்கள். அப்பா தாங்கமாட்டார். பெயிண்டரோ, அங்கிருந்தே "தா போலே" என்பார்.