கட்டாய வெட்டு

"தம்பி, உன்ரை கொம்பியூட்டர் கள்ளமாய் விளையாடுது!"

தியாகலிங்கம் மறுபடியும் தோற்றிருந்தார்.

அவருடைய மகன் குருபரன், கரம்பொன் கிராமத்து வீட்டிலிருந்தபடியே லண்டன் நிறுவனமொன்றுக்கு இணையச் சதுரங்க மென்பொருள் எழுதுபவன். வெள்ளிக்கிழமை வெளிவர இருந்தது தலைகீழ் ஆட்டம். தன் காய்களை எல்லாம் முதலில் இழப்பவரே வென்றவர். வெட்ட வழியிருந்தால் வெட்டியே ஆகவேண்டும். ராசாவும் வெறும் காய்தான். விதி மீறிய நகர்வுகளை மென்பொருள் மறிக்கவேண்டும். அப்பாவுக்கு விதிகளை விளக்கிவிட்டு, அவரையும் தன் மனைவி சர்மிதாவையும் விளையாடவிட்டிருந்தான். கலியாணமாகி வந்த நாளிலிருந்து மாமாவை ஒருமுறைகூட வெல்லாதவள் அவள்.

"வேண்டாமெண்டாலும் என்னை வெட்டவைக்குது."

"அதுதான் அப்பா விதி."

"விதி எனக்கு மட்டுமோ? அந்தப் பிள்ளை சும்மா இருந்து வெல்லுது!"

குருபரன் குசினிக்குப் போனான். சர்மிதா கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் விளையாடிய கைபேசி சீனிப் போத்தலில் சாய்ந்திருந்தது.

"எனக்கும் விளங்கேல்லை. வெல்லுறதுக்கு நான் ஒண்டுமே செய்யேல்லை."

இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் பிழை தன்னில்தான். வெற்றியைத் தீர்மானிக்கும் நிரல் வரியைப் புரட்டிப்போட்டான்.

சற்று நேரத்தில் லண்டனிலிருந்து மேலாளர் பிரதாபன் அழைத்தார். "குருபரன், என்ன செய்தனீர்? சாதாரண ஆட்டத்திலை ராசாவைப் பறிகுடுத்தவனுக்கு வாழ்த்துச் சொல்லுது!"

அதைத் திருத்தப்போய், ராசாவைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்ற பழைய விதி தலைகீழ் ஆட்டத்துக்குள் புகுந்துவிட்டது. ராசாவையும் காக்கவேண்டும், வேறெங்கோ வெட்டவும் வேண்டும். பலகை உறைந்துபோனது.

"இப்ப ஒரு காயும் அசைக்க ஏலாமல் கிடக்கு!" என்றார் தியாகலிங்கம், ஏதோ வென்றவர்போல.

அந்த விதியைத் தூக்கினான். அது எல்லா ஆட்டங்களிலிருந்தும் போய்விட்டது.

"ராசா செத்தபிறகும் சனம் விளையாடிக்கொண்டிருக்குது," என்றார் பிரதாபன். "ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லை. அதுதான் எனக்குப் பயமாயிருக்கு."

குருபரன் எல்லாவற்றையும் காலையில் இருந்தபடியே மாற்றிவைத்தான். வரிவரியாக வாசித்தான். ஒரு பிழையும் இல்லை. கடைசியாக ஒரு ஆட்டம் வைத்துப் பார்ப்போமென்று அப்பா இருந்த கதிரைக்குப் பின்னால் நின்றான். சர்மிதா இரண்டாவது நகர்விலேயே ராணியைக் கொண்டுவந்து மாமாவின் காலாள் வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்தாள். தியாகலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். பிறகு குதிரை, பிறகு கோட்டை. அவள் மறுபடியும் வென்றாள்.

"இந்தக் கரம்பொனிலை என்னை வெண்டவன் இல்லை!" என்று கதிரையைத் தள்ளிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார் அவர்.

குருபரன் தலையில் கை வைத்தான். "அம்மா, எனக்கு வேலை போகப்போகுது. பிழை எங்கையெண்டு பிடிபடுதில்லை."

முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த தாய் சீதேவி, கிணற்றடிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பிழை உன்ரை கொம்பியூட்டரிலை இல்லையடா தம்பி. ஆட்டம் மாறினதை நீ அவளுக்குச் சொல்லேல்லை. அவள் எப்பவும்போலை மாமாவுக்குத் தோத்துக் குடுக்கத்தான் பாக்கிறாள்."