காளை முட்டிய இன்ஜின்

கேட்டண்ணனின் ஷேர் ஆட்டோவில் ஏறி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர் மதுரையில் ஒருவரும் இல்லை. ரயில்வே கேட் திறந்தே கிடந்தாலும் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடுவார். ரயில் வந்து போனால்தான் நகருவார். பெயர் வந்த கதை அதுதான்.

"பொண்ணு பாக்கப் போறோம்ணே, நல்ல நேரம் முடியுது."

"பொண்ணு எங்கிட்டுப் போயிரும்? டீசல் இன்ஜின் இனிமே வருமா? எல்லாம் கரண்டுக்கு மாறுதப்பா."

அவனியாபுரத்தில் என் லாரி பெயிண்ட் பட்டறைக்கு எதிரில்தான் ஆட்டோவை நிறுத்துவார். நான் அதிகம் பேசாதவன். அது அவருக்கு வசதி. "இன்னைக்குப் போன டீசல் இருமுனதக் கேளு மாப்ள" என்று அவரே இருமிக் காட்டுவார். சைக்கிளில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஓரிடத்தில் நிற்க மாட்டார். டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். கடைக்காரர் அடுத்த தெரு வரை ஓடி கிளாஸை வாங்கி வருவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள், கூடல்நகர்ப் பக்கம் ஓர் இரும்புக் கடையில், முள்ளுக்குள் நின்ற மீட்டர்கேஜ் டீசல் இன்ஜினைக் கண்டுவிட்டார். நம்பர் அழிந்து, அறுப்பதற்குத் தயாராக நின்றது. முகப்பில் ஒரு பள்ளம்.

"போடிக்குப் போன இன்ஜின் மாப்ள. உசிலம்பட்டிக்கிட்ட காளை முட்டுன பள்ளம். மாட்டுக்கு ஒண்ணும் ஆகல. இன்ஜின்தான் நின்னுபோச்சு."

அதன்பின் மிஷன் பள்ளிக்கூடத்துப் பாதருக்கு நிம்மதி போயிற்று. பூசை முடிந்து கதவைத் திறந்தால், இன்ஜினை வாங்கிப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தச் சொல்லி வாசலில் இவர். பாதருக்குச் சொந்த ஊர் போடி. கடைசியில் இறங்கி வந்தார். "நான் ஊருக்குப் போன இன்ஜின்னா கொண்டாங்க, பள்ளிக்கூட வாசல்ல நிப்பாட்டலாம். வேறன்னா வேண்டாம். கடைக்கே திருப்பி அனுப்பிருவேன்."

இன்ஜின் லாரியில் வந்து இறங்கியது. பெயிண்ட் வேலை எனக்கு. கேட்டண்ணன் சாவியை ஆட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நீலத்தைச் சுரண்டினேன், அடியில் பச்சை. அதையும் சுரண்ட, பழைய நம்பர் தெரிந்தது. சாவிச் சத்தம் நின்றது.

"இந்த நம்பரு, மதுர யார்டுல பெட்டி தள்ளுன இன்ஜின்டா. போடிப் பக்கமே போனதில்ல."

"காளை?" என்றேன்.

"பெட்டிதான் இடிச்சிருக்கும்."

ஒரு கோட்டிங் அடித்தால் யாருக்கும் தெரியாது. பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டினேன்.

"அடுத்தவன் நம்பர்ல நிக்கிறதுக்கு அறுபட்டே போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாதரைக் கூட்டிவரப் போனார்.

பாதர் வந்து பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். "அப்ப இது எங்கேயுமே போனதில்லையா?"

"யார்டத் தாண்டுனதில்ல பாதர். ஆனா போடி வண்டிக்குப் பெட்டி கோத்துக் குடுத்தது இதுதான். தெனமும்."

பாதர் மறுபடி பள்ளத்தில் கை வைத்தார். "அப்ப இது இல்லாம நான் ஊருக்குப் போயிருக்க முடியாது. நிக்கட்டும்யா. அந்த மாட்டுக் கதைய மட்டும் பிள்ளைககிட்ட சொல்லிராதீங்க."

அன்று சாயங்காலமே கேட்டண்ணன் சொல்லிவிட்டார். இன்றும் அந்தப் பள்ளத்தில் தலையை வைத்து முட்டிப் பார்க்காத பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை.

கேட்டண்ணன் இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே மூன்றாவது மாடி, ரயில் சத்தம் கேட்காது. இங்கே கேட் திறந்திருந்தாலும் நான் மொபெட்டை ஓரங்கட்டுகிறேன். எப்போதாவது ஒரு டீசல் போனால் அவருக்குப் போன் போடுகிறேன். எனக்குத்தான் பேச வராதே. இருமிக் காட்டுகிறேன்.