மாமனாரின் மோரிஸ் மைனருக்கு வெயிலண்ணன் பிடித்த கலர்

உலகத்தில் மொத்தம் எத்தனை நிறம் என்று விஞ்ஞானி ஒரு கணக்குச் சொல்வார், புடவைக் கடைக்காரர் ஒரு கணக்குச் சொல்வார். இரண்டும் தப்பு. சரியான கணக்கு தெரிந்த ஒரே மனிதர் மேற்குத் தாம்பரத்தில் ஒரு தகரக் கொட்டகையில், பெயின்ட் கரைக்கும் தின்னர் டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்தும் உயிரோடிருந்த வெயிலண்ணன். பெற்றவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பது அவர் தொழில். கம்பெனி கலர்கள் அச்சடித்த ஷேடு கார்டை நீட்டினால் அதில் பீடிச் சாம்பலைத் தட்டுவார். எந்தக் கலராக இருந்தாலும் தகரத் துண்டில் அடித்து, காலை பத்து மணி வெயிலில், உச்சி வெயிலில், நாலரை மணி வெயிலில் என்று மூன்று தடவை பார்ப்பார். அப்புறம்தான் வண்டியில் கை வைப்பார். மேகம் மறைத்தால் மறுநாள். ஐப்பசியில் வண்டியை விட்டவர்கள் தை பிறந்துதான் எடுத்தார்கள். நிறங்களுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார்: ஆறிப்போன டீ, மூணாம் நாள் வாழைப்பழம், கவர்மென்ட் பீரோ.

இப்பேர்ப்பட்டவரிடம் தொண்ணூறு வாக்கில் நான் போய் மாட்டினேன். காரணம் என் வாய்.

ஊரப்பாக்கத்தில் இருந்த என் மாமனார், தனக்குக் கல்யாணமான வருஷம் வாங்கிய மோரிஸ் மைனர் கார் அது. நீலம், பச்சை என்று அவதாரமெடுத்துக் கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. அவருக்கு அறுபதாம் கல்யாணம் நிச்சயமானதும் ஒன்றே ஒன்று கேட்டார். "அன்னிக்கு நானும் உங்க அத்தையும் அந்த வண்டியிலதான் மண்டபத்துக்குப் போகணும், மாப்பிள்ளை. வாங்கினப்போ இருந்த கலர்ல. அது என்ன கலர்னு தெரியுமில்ல?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மனைவி பக்கத்தில் நின்றதால் நெஞ்சு தானாக நிமிர்ந்துவிட்டது. "எனக்குத் தெரியாதா மாமா?" என்றேன்.

எனக்குத் தெரியாது. மனைவிக்கு விவரம் தெரிந்ததே பச்சையிலிருந்துதான். இருந்த ஒரே போட்டோவில் வண்டி கறுப்பாக இருந்தது. அந்தக் காலத்துப் போட்டோவில் அத்தையின் கூறைப்புடவையும்தான் கறுப்பாக இருந்தது. அதை நம்ப முடியுமா?

சாம்பல் நிறமாக இருக்குமோ என்று வெயிலண்ணனிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சாம்பல் என்று ஒரு கலரே கிடையாது என்று சொல்லி, என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டு, என்னை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு ஓட்டச் சொன்னார். நீர்யானைக்கு எதிரே நிறுத்தினார். "பாத்துக்க சார். தண்ணியில கீறப்போ ஒரு சாம்பலு. கரையேறிக் காஞ்சா வேற சாம்பலு. உங்க மாமாவுது எது?" ஆபீசில் காய்ச்சல் என்று சொல்லியிருந்த நான், தெரிந்தவர்கள் யாராவது வந்துவிடுவார்களோ என்று கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். நாலரை மணிவரை அது கரையேறவே இல்லை. உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிட்டது.

பழைய பெயின்டைச் சுரண்டினார். பச்சை போயிற்று, நீலம் போயிற்று, அடியில் வெறும் இரும்பு. நீலம் அடித்தவன் முதல் கலரை அன்றே சுரண்டி எடுத்திருந்தான். எனக்குத் தினம் ஒரு கிலோ இளைத்தது. அப்புறம் ஒரு மத்தியானம் அவர் டாஷ்போர்டு பெட்டிக்குள் கையை முழுசாக விட்டு, கண்ணுக்கு எட்டாத மேல் மூலையில் எதையோ தடவினார். நகத்தால் பெயர்த்து எடுத்து வெயிலுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். உள்ளங்கையில் வெளிர் மஞ்சளாக ஒரு சில்லு.

"கெட்ச்சிச்சு சார். எவன் ஸ்ப்ரே கன்னும் இங்க எட்டல. இன்னா கலரு பாரு. அடியில செவப்பு தெரியுது பாரு, ரெட் ஆக்சைடு. கலருக்கு முன்னாடி கம்பெனில அட்ச்சது."

அந்தக் கொட்டகை வாசலில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டோம். சில்லைத் தீப்பெட்டியில் வைத்து மூடினார். பதினோரு தகரம், மூன்று மூன்று வெயில். விசேஷத்துக்கு முந்தின நாள் வண்டி தயார். தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். நான் மாமனாரையும் அத்தையையும் ஆட்டோவில் அழைத்து வந்தேன்.

மாமனார் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை நடந்தார்.

"மாப்பிள்ளை, நம்ம வண்டி கறுப்பு."

மயக்கம் போட்டு விழலாம் என்று இடம் தேடினேன். தரை முழுக்க ஈர பெயின்ட்.

வெயிலண்ணன் அசரவில்லை. பெரியவருக்கு மறந்துபோயிருக்கும், தன்னிடம் சாட்சி இருக்கிறது என்று தீப்பெட்டியைத் திறந்து நீட்டினார். அதை வாங்கியது அத்தை. விரலை நாக்கில் தொட்டு, சில்லைத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"இது நான் வெச்ச சந்தனம்" என்றார்.

விஷயம் இதுதான். சந்தனம் குங்குமம் பட்டால் பெயின்ட் கெட்டுவிடும் என்று மாமனார் ஆயுத பூஜைக்கு அத்தையை வண்டியைத் தொடவே விட்டதில்லை. அதனால் அவர் பார்க்காத மூலையில், அவருக்குத் தெரியாமல், வருஷா வருஷம் ஒரு பொட்டு. அடியில் தெரிந்த ரெட் ஆக்சைடு, முந்தின வருஷப் பொட்டின் மேல் வைத்த குங்குமம்.

"நீங்க ஓட்டற வேகத்துக்கு நான் வேற என்னதான் பண்றது" என்றார் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டு. மாமனார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெயிலண்ணன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். சந்தனத்துக்கும் பெயின்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டதே என்று அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கே என் பயம் மறந்துபோயிற்று. பிறகு எழுந்து, "வெயிலு வேணாம் பெரியவரே. விடியறதுக்குள்ள கறுப்பு அட்ச்சு குடுத்துடறேன்" என்றார். வெயில் பார்க்காமல் வண்டியில் கை வைக்கிறேன் என்று அந்த மனிதர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"வேணாம்ப்பா, இதுவே இருக்கட்டும்" என்றார் மாமனார். "சக்கரத்துக்கு மட்டும் கறுப்பு அடி, போதும்."

மறுநாள் காலையில் சக்கரங்களுக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருக்கும்போதே நேரமாகிவிட்டது. மாலையும் கழுத்துமாக மாமனாரும் அத்தையும் ஏறினார்கள். வண்டி கிளம்பவில்லை. வெயிலண்ணன் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடி, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிக்கியில் ஒரு தள்ளு தள்ளினார். கிளம்பிற்று. மண்டபத்தில் இறங்கிப் பார்த்தால், சந்தன நிற டிக்கியில் கறுப்பாக அஞ்சு விரலும் பதிந்திருந்தன.

வெயிலண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. வண்டியைப் பாலிஷுக்கு விடும்போதெல்லாம் நான் கூடவே நின்று, அந்த இடத்தை மட்டும் என் கையால் மூடிக்கொள்கிறேன்.